நூறு ரூபாய் தீர்வைக்கு ஆயிரம் ரூபாய் வாடகை

சொத்துவரி, எங்கள் பேச்சில் தீர்வை, கூடுகிறது என்று செய்தி வந்தால் போதும், மதுரை கே.புதூரில் எங்கள் தெருவில் மாநகராட்சி நோட்டீஸ் வருவதற்கு முன்பே வாடகை ஏறிவிடும். 2022 ஏப்ரலில் தமிழ்நாடு முழுக்க நகர்ப்புறச் சொத்துவரியை உயர்த்தி அறிவித்தபோதும் அப்படித்தான் ஆனது. "டபுள் பண்ணிட்டாங்க, இனி ஆயிரம் சேர்த்துத்தான் குடுக்கணும்" என்று எதிர்வீட்டு அண்ணன் தன் குடித்தனக்காரரிடம் சொன்னது எங்கள் வாசல் வரை கேட்டது. தனக்கு எவ்வளவு கூடியது என்று அவருக்கே அன்றைக்குத் தெரியாது.

எங்களுக்கும் வாடகை வருமானம்தான். அப்பா மில் வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பணத்தில் கட்டிய வீடு, அம்மா பெயரில் இருக்கிறது. முன்பக்கம் ஒரு கடை, பின்னால் நாங்கள், மாடியில் இரண்டு போர்ஷன். அப்பா போன பிறகு கணக்கு வழக்கு என் கைக்கு வந்தது. நூல் கடையில் பல வருஷம் கணக்கு எழுதியவள் என்பதால் தெருவில் யாருக்கு எந்த வரிக் கடிதம் வந்தாலும் என்னிடம் கொண்டு வந்து காட்டுவார்கள். வரி மாறும்போது வீட்டுக்காரர்கள் என்னென்ன செய்கிறார்கள் என்று பார்த்ததையும், அதற்கெல்லாம் கணக்கு போட்டுப் பார்த்ததையும்தான் எழுதுகிறேன். வரியைவிட, வரிக்குப் பயந்து செய்த காரியங்களுக்குத்தான் எங்கள் பக்கம் அதிகச் செலவு ஆகியிருக்கிறது.

எதிர்வீட்டு அண்ணன் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். 2022 உயர்வில் மதுரை மாதிரியான, சென்னை நீங்கலான மாநகராட்சிகளில் குடியிருப்புகளுக்கு நான்கு படி வைத்தார்கள். 600 சதுர அடி வரை 25 விழுக்காடு, 601 முதல் 1,200 வரை 50, 1,201 முதல் 1,800 வரை 75, அதற்கும் மேல் போனால் 100. கடைகளுக்கு 100. அண்ணன் வாடகைக்கு விட்டிருந்த வீடு 1,100 சதுர அடி. டபுள் என்பது அவருக்குப் பொருந்தவே பொருந்தாது. அரையாண்டுக்கு 1,240 ரூபாய் இருந்தது 1,860 ஆனது. கூடுதல் 620. அதை ஆறு மாதத்துக்குப் பிரித்தால் மாதம் 103 ரூபாய். காலண்டர் தாளின் பின்பக்கத்தில் இதை எழுதிக் காட்டியபோது, "அப்ப மிச்ச தொள்ளாயிரம் எதுக்கும்மா கேட்டேன்?" என்று என்னையே கேட்டார். மதினி உள்ளேயிருந்து சிரித்தார்.

ஆனால் சொன்ன சொல்லை வீட்டுக்காரர் திரும்ப வாங்குவது லேசில் நடக்காது. குடித்தனக்காரர் ஆனி மாதம் காலி செய்துகொண்டு போய்விட்டார். அடுத்தது ஆடி. ஆடியில் எங்கள் ஊரில் யாரும் புது வீட்டில் பால் காய்ச்ச மாட்டார்கள், மார்கழியிலும் அப்படித்தான். ஆனிக் கடைசியில் வீடு காலியானால் ஆவணி வரை டூலெட் போர்டு தொங்கும் என்று எடுத்துக்கொள்ள வேண்டியதுதான். இரண்டு மாத வாடகை 16,000 போனது. வெள்ளையடித்து, சமையலறைக் குழாய் மாற்றி, இன்னொரு 12,000. கடைசியில் வந்தவர் பேரம் பேசி 8,500க்கு முடித்தார். ஏறியது 500 ரூபாய். வருஷத்துக்கு 1,240 ரூபாய் கூடுதல் தீர்வைக்குப் பயந்து 28,000 செலவழித்த கணக்கு இது. அந்த 500 ரூபாயில் 28,000ஐத் திரும்ப எடுக்கவே நாலரை வருஷத்துக்கு மேல் ஆகும்.

வரி ஏறியதில் நியாயமே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். சென்னைக்கு வெளியே இருந்த உள்ளாட்சிகளில் அதற்கு முன் பொதுவான சீராய்வு நடந்தது 2008இல். பதினான்கு வருஷம் பழைய விகிதத்திலேயே கட்டிக்கொண்டிருந்தோம். சொத்துவரியைக் காலத்துக்கேற்பத் திருத்தாத நகரங்களுக்கு மானியம் கிடையாது என்று 15ஆவது நிதி ஆணையம் நிபந்தனை வைத்ததும் ஒரு காரணம். நடுவில் 2018இல் ஒருமுறை ஏற்றினார்கள். 2019 நவம்பரில் அதை நிறுத்திவைத்து, கூடுதலாகக் கட்டியவர்களுக்கு அடுத்தடுத்த அரையாண்டுகளில் கழித்துக்கொள்ளலாம் என்றார்கள். அந்த வரியைக் காட்டி 2018இல் ஏற்றிய வாடகையை 2019இல் யாராவது இறக்கினார்களா என்று கேட்காதீர்கள். எங்கள் தெருவில் யாரும் இறக்கவில்லை.

எங்கள் வீட்டுக்கு 75 விழுக்காடு ஏறியது, அரையாண்டுக்கு 1,600லிருந்து 2,800. நாங்களும் சேர்த்து மூன்று குடித்தனம். ஆளுக்கு மாதம் 67 ரூபாய்க்குள்தான் வரும். இதற்காக மாடிப்படி ஏறிப்போய் வாடகை கூட்டிக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. அக்ரிமென்டில் வருஷம் 5 விழுக்காடு ஏற்றம் என்று ஏற்கெனவே எழுதியிருக்கிறோம், அதற்குள் இதுவும் அடங்கிவிட்டது. கடைக்குத்தான் 900 இருந்தது 1,800 ஆனது. கடைக்கார அக்ரிமென்டில் மட்டும் 'தீர்வை உயர்ந்தால் அந்த உயர்வு கடைக்காரர் பொறுப்பு' என்று ஒரு வரி உண்டு. பழைய ரசீதையும் புது ரசீதையும் ஜெராக்ஸ் எடுத்துக் கொடுத்தேன். கடைக்காரத் தம்பி பேசாமல் மாதம் 150 சேர்த்துக் கொடுத்தார். ரசீதைக் காட்டிக் கேட்டால் குடித்தனக்காரர்கள் பெரும்பாலும் சண்டைக்கு வருவதில்லை. வாய்க்கணக்கில்தான் வம்பு வருகிறது.

2024இல் இனி வருஷாவருஷம் 6 விழுக்காடு கூடும் என்று பேச்சு வந்தபோது மறுபடி தெருவில் சலசலப்பு. அண்ணனே வந்து, "கணக்கு போடும்மா" என்றார். அவருடைய 1,860க்கு 6 விழுக்காடு என்றால் 112 ரூபாய், அதுவும் அரையாண்டுக்கு. மாதம் 19 ரூபாய். இந்தத் தடவை அவர் மாடிக்குக் குரல் கொடுக்கவில்லை.

இதில் இன்னொன்று. அரையாண்டு தொடங்கிய முதல் முப்பது நாளுக்குள் கட்டினால் 5 விழுக்காடு ஊக்கத்தொகை என்று கழித்துக்கொள்கிறார்கள், அதிகபட்சம் 5,000 ரூபாய். 6 விழுக்காடு ஏற்றத்தில் முக்கால்வாசி அங்கேயே சரியாகிவிடும். இதை விட்டுவிட்டு மார்ச் கடைசியில் வரிசையில் நின்று, வட்டியும் சேர்த்துக் கட்டிவிட்டு, அரசாங்கத்தைத் திட்டுகிறவர்கள் எங்கள் பகுதியில் நிறைய. இணையத்திலேயே கட்டலாம்.

ரசீதில் பெயரையும் சதுர அடியையும் ஒருமுறை பார்த்துவிடுங்கள். அப்பா, தாத்தா பெயரிலேயே அசெஸ்மென்ட் ஓடிக்கொண்டிருக்கும் வீடுகள் மதுரையில் ஏராளம். பிறகு விற்கப்போகும்போதோ கடன் வாங்கும்போதோ வாரிசுச் சான்றிதழோடு அலைய வேண்டியிருக்கும். சதுர அடி விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். 2025இல் மதுரை மாநகராட்சியில் வணிகக் கட்டடங்களுக்கு வரியைக் குறைத்துப் போட்ட முறைகேடு வழக்காகி, மண்டலத் தலைவர்கள் பதவி விலகும் அளவுக்குப் போனது எல்லோருக்கும் தெரியும். அதற்கு முன்பெல்லாம் "நான் பாத்துக் குறைச்சுத் தர்றேன்" என்று டீக்கடையில் உட்கார்ந்து பேசும் ஆட்கள் இருந்தார்கள். அப்படிக் குறைத்த வரி என்றைக்காவது பாக்கியோடு திரும்பி வரும். மாடியில் தகரம் போட்டு ஒரு அறை எடுத்து வாடகைக்கு விட்டிருந்தால் அதை நாமே எழுதிக் கொடுத்துவிடுவது நிம்மதி.

சரி, வருமான வரிக்கு வருவோம். பயம் நிஜமாகக் குடியிருப்பது இங்கேதான்.

தெருக்கோடியில் ஓய்வுபெற்ற வாத்தியார் ஒருவர் இருக்கிறார். மாடியை வங்கி ஊழியர் ஒருவருக்கு 9,500 ரூபாய்க்கு விட்டிருந்தார். 2023-24 நிதியாண்டில் அந்த ஊழியர் எச்ஆர்ஏ என்கிற வீட்டு வாடகைப்படி வரிச் சலுகைக்காக வாடகை ரசீதும், வாத்தியாரின் பான் நம்பரும் கேட்டார். வருஷ வாடகை ஒரு லட்சத்தைத் தாண்டினால் வீட்டுக்காரர் பான் கொடுக்க வேண்டும் என்பது விதி. அதனால்தான் ஊரில் பல வீடுகளுக்கு ரசீதில் மட்டும் வாடகை 8,300 ரூபாயாக இருக்கிறது. பன்னிரண்டால் பெருக்கினால் ஒரு லட்சத்துக்கு உள்ளே நிற்கும். வாத்தியாரும் அதைத்தான் சொன்னார்.

"8,300ன்னு ரசீது போட்டுக்கங்க தம்பி."

"சார், நான் 9,500 குடுத்துட்டு ஏன் சார் 8,300க்கு ரசீது வாங்கணும்?"

வாத்தியார் சூடாகி, அப்படியானால் வேறு வீடு பார்த்துக்கொள்ளுங்கள் என்றுவிட்டார். அன்று சாயங்காலம் காய்கறி வாங்க வந்த இடத்தில் என்னிடம் புலம்பினார். "பான் குடுத்தா அவ்வளவுதான், பென்ஷன்ல பிடிச்சிடுவான்." பென்ஷன் எவ்வளவு என்று கேட்டேன். மாதம் 35,000. வருஷத்துக்கு 4,20,000, அதில் நிலையான கழிவு அந்த வருஷம் 50,000. மிச்சம் 3,70,000. வாடகை வருஷத்துக்கு 1,14,000. அதில் கட்டிய சொத்துவரியைக் கழிக்கலாம், மீதியில் 30 விழுக்காட்டை எந்த பில்லும் காட்டாமல் கழிக்கலாம். ஆக வருமானத்தில் சேருவது 80,000க்கும் கீழே. மொத்தம் நாலரை லட்சம்கூட வரவில்லை. வருமான வரியில் பழைய முறை, புதிய முறை என்று இரண்டு உண்டு, அந்த ஆண்டு புதிய முறையில் 7 லட்சம் வரை வரி கிடையாது. ஒரு ரூபாய்கூடக் கட்ட வேண்டியதில்லாத வருமானத்தை ஒளித்து வைக்க, ஒழுங்காக வாடகை தரும் ஆளை விரட்டப் பார்த்தார். கணக்கைப் பார்த்துவிட்டு ஒன்றும் பேசாமல் போனார். அடுத்த நாள் பான் கார்டு நகல் மாடிக்குப் போனது. அந்த ஊழியர் இன்னும் அதே வீட்டில்தான் இருக்கிறார்.

இந்த 30 விழுக்காடு கழிவை எத்தனை பேர் தெரியாமல் இருக்கிறார்கள் என்று எண்ணினால் ஆச்சரியமாக இருக்கும். பெயின்ட் கடை பில், பிளம்பர் கூலி, மோட்டார் ரீவைண்டிங் என்று எல்லாவற்றையும் கம்பியில் குத்தி வைத்திருப்பார்கள். வருமான வரிக்கு அதெல்லாம் தேவையே இல்லை. செலவே செய்யாவிட்டாலும் 30தான், இரண்டு லட்சம் செலவு செய்தாலும் 30தான். பத்திரமாக வைத்திருக்க வேண்டியது சொத்துவரி ரசீது. அதுவும் எந்த ஆண்டில் பணம் கட்டினோமோ அந்த ஆண்டில்தான் கழிக்க முடியும், வீட்டுக்காரரே கட்டியிருக்கவும் வேண்டும்.

எங்கள் அம்மா கணக்கையே சொல்கிறேன். மாடி 9,000, 8,500, கடை 12,000. மாதம் 29,500, வருஷத்துக்கு 3,54,000. வாடகைக்கு விட்ட பகுதிக்கான தீர்வை சுமார் 7,300. மீதியில் 30 விழுக்காடு போக 2,42,690. அம்மாவுக்கு வேறு வருமானம் இல்லை. 2025-26இலிருந்து புதிய முறையில் 4 லட்சம் வரை அடிப்படை விலக்கு, கழிவு போக 12 லட்சம் வரை தள்ளுபடியில் வரி பூஜ்யம். ஆனாலும் அம்மாவுக்கு வருஷாவருஷம் ரிட்டன், அதாவது வருமான வரிக் கணக்கு, போடுகிறேன். நாளைக்கு வங்கியில் ஒரு கடன் கேட்டால் காட்ட ஒரு காகிதம் வேண்டுமே.

வரி உண்மையாகவே விழுகிறவர்களும் இருக்கிறார்கள். எதிர்வீட்டு அண்ணன் மகன் சென்னையில் ஐ.டி. கம்பெனியில் வேலை. அவர் பெயரில் உள்ள வீட்டு வாடகை அவர் சம்பளத்தோடு சேரும். 20 விழுக்காடு படியில் இருந்தால் 100 ரூபாய் வாடகைக்கு 14 ரூபாயும் அதன்மேல் செஸ் என்கிற கூடுதல் வரியும். 30 விழுக்காடு படி என்றால் 21. அதைக் கட்டித்தான் ஆக வேண்டும். இதைவிடப் பெரிய அடி, கடன் வாங்கி வீடு வாங்கி வாடகைக்கு விட்டவர்களுக்கு. எங்கள் உறவில் ஒரு தம்பி ஒத்தக்கடைப் பக்கம் ஃபிளாட் வாங்கினார். வருஷ வட்டி 3 லட்சம், வாடகை 1,20,000. பழைய முறையில் 30 விழுக்காடு போக 84,000, அதிலிருந்து வட்டியைக் கழித்தால் 2,16,000 நஷ்டம் வரும். அதில் 2 லட்சத்தைச் சம்பளத்தில் கழித்துக்கொள்ளலாம், மீதியை அடுத்த எட்டு ஆண்டுகளுக்குள் வீட்டு வருமானத்தில் கழிக்கலாம். புதிய முறையில் சம்பளத்தில் கழிக்க வழியே இல்லை. 2023-24இலிருந்து புதிய முறைதான் தானாக அமலாகும் முறை, நாம் கேட்டால்தான் பழையது. அவர் ஒன்றும் கேட்கவில்லை, அலுவலகமும் புதிய முறையிலேயே பிடித்துவிட்டது. வாடகையை ஏற்றிவிடலாமா, விற்றுவிடலாமா என்று தவித்துக்கொண்டிருந்தார். சம்பளக்காரர்கள் கெடு தேதிக்குள் ரிட்டன் போடும்போது முறையை மாற்றிக்கொள்ளலாம் என்று சொல்லி, இரண்டு முறையிலும் கணக்கு போட வைத்தேன். அந்த ஆண்டு பழைய முறைதான் லாபமாக இருந்தது. 12 லட்சம் சலுகை வந்த பிறகு புதியது லாபம். வருஷாவருஷம் இரண்டையும் போட்டுப் பார்த்தே ஆக வேண்டும், போன வருஷத்து விடை இந்த வருஷத்துக்கு உதவாது.

பைபாஸ் ரோட்டில் இடம் வைத்திருக்கும் மாமா கதை வேறு மாதிரி. ஒரு கூரியர் நிறுவனத்துக்கு மாதம் 22,000க்கு விட்டிருந்தார். அப்போது வருஷ வாடகை 2,40,000ஐத் தாண்டினால் நிறுவனங்கள் 10 விழுக்காட்டை டிடிஎஸ் என்று வரிக்காக முன்கூட்டியே பிடிக்க வேண்டும். அவருக்கு வருஷத்துக்கு 26,400 பிடித்தார்கள். "கவர்மென்ட் எடுத்துக்கிச்சு, என்ன செய்யிறது" என்று விட்டுவிட்டார். அந்தப் பணம் அவர் பான் கணக்கில் சும்மா உட்கார்ந்திருந்தது. ரிட்டன் போட்டால் முழுசும் திரும்ப வரும். சண்டை போட்டு ஆடிட்டரிடம் அழைத்துப் போனேன். கெடு தாண்டிய ரிட்டனை டிசம்பர் 31 வரை போடலாம் என்பதால் அந்த ஒரு வருஷத்துப் பணம் கைக்கு வந்தது. அதற்கு முந்தையதைத் திரும்ப வாங்குவது பெரிய பாடு என்று ஆடிட்டர் சொல்லிவிட்டார். 2025 ஏப்ரலிலிருந்து மாத வாடகை 50,000ஐத் தாண்டினால்தான் பிடித்தம் என்று மாற்றிவிட்டார்கள். மாமா மாதிரி ஆட்களுக்கு அது நல்லதாயிற்று.

இப்போது ஒத்தி. மதுரைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மொத்தமாக ஒரு தொகை வாங்கிக்கொண்டு வீட்டைக் கொடுப்பது, மாத வாடகை கிடையாது, காலி செய்யும்போது தொகையைத் திருப்பித் தருவது. "ஒத்திக்கு விட்டா வாடகைன்னு ஒண்ணு இல்லை, வரியும் இல்லை" என்று யாரோ சொல்ல, முனை வீட்டுச் சின்னம்மா 7,000 ரூபாய் வாடகை வந்த வீட்டை 5 லட்சத்துக்கு ஒத்தி விடக் கிளம்பினார். ஐந்து லட்சத்தை வங்கியில் 7 விழுக்காட்டுக்குப் போட்டால் வருஷத்துக்கு 35,000. வாடகை வந்துகொண்டிருந்தது 84,000. வரிக் கணக்கில் வாடகைக்கு 30 விழுக்காடு கழிவு உண்டு, வங்கி வட்டிக்கு அந்தக் கழிவு கிடையாது, முழுசும் வருமானம். போதாததற்குச் சட்டத்தில் ஒரு வீட்டின் ஆண்டு மதிப்பு என்பது கையில் வந்த வாடகை மட்டும் கிடையாது, அந்த வீட்டுக்கு நியாயமாக எதிர்பார்க்கக்கூடிய வாடகையையும் பார்ப்பார்கள். இத்தனைக்கும் சின்னம்மாவுக்கு வேறு வருமானமே இல்லை. இரண்டு வழியிலும் அவருக்கு வரி பூஜ்யம்.

இவ்வளவு சொல்லியும் அவர் ஒத்திக்குத்தான் விட்டார், மகள் சீர் செலவுக்கு மொத்தமாகப் பணம் தேவைப்பட்டது. அது வேறு கணக்கு, அதில் நான் தலையிட முடியாது. ஒன்றில் மட்டும் பிடிவாதமாக நின்றேன். வந்தவர் ஐந்து லட்சத்தையும் மஞ்சள் பையில் ரொக்கமாகக் கொண்டுவருகிறேன் என்றார். கடனோ வைப்புத்தொகையோ 20,000 ரூபாயும் அதற்கு மேலும் ரொக்கமாக வாங்கக் கூடாது என்று வருமான வரிச் சட்டத்தில் இருக்கிறது. மீறினால் வாங்கிய தொகை அளவுக்கே அபராதம் விதிக்கலாம். வங்கி வழியாக வாங்கி, பத்திரத்தில் அந்த விவரத்தை எழுத வைத்தோம். திருப்பித் தரும்போதும் அப்படித்தான் தர வேண்டும்.

ஜிஎஸ்டி சமாச்சாரம் 2024 அக்டோபரில் வந்தது. எங்கள் கடையில் செல்போன் பழுது பார்க்கும் தம்பி ஆடிட்டர் அனுப்பிய வாய்ஸ் மெசேஜைப் போட்டுக் காட்டினார். "அக்கா, பத்தாம் தேதியிலருந்து கடை வாடகைக்கு 18 பர்சன்ட் நான் கட்டணுமாம். 2,160 ரூபா. வாடகையில கழிச்சுக்கவா?" பதிவு இல்லாத வீட்டுக்காரரிடமிருந்து ஜிஎஸ்டி பதிவு உள்ளவர் கடையை வாடகைக்கு எடுத்தால், வரியை வாடகைக்காரரே நேராகக் கட்ட வேண்டும் என்ற மாற்றம் அது. பாதிப் பேர் நம்மைத்தான் ஜிஎஸ்டி எடுக்கச் சொல்கிறார்கள் என்று நினைத்துப் பதறினார்கள். சேவை வருமானம் வருஷத்துக்கு 20 லட்சத்துக்குள் இருக்கும் வீட்டுக்காரர் பதிவு எடுக்க வேண்டியதே இல்லை. அழகர்கோவில் ரோட்டில் ஒருவர், ஜிஎஸ்டி நம்பர் இல்லாத ஆளுக்குத்தான் இனி கடை என்று புரோக்கரிடம் சொல்லி வைத்தார். நல்ல வியாபாரி எவனும் இனி அங்கே வர மாட்டான் என்று புரோக்கர் என்னிடம் சொல்லிச் சிரித்தார்.

சாதாரண முறையில் பதிவுள்ள கடைக்காரர் கட்டிய 18 விழுக்காட்டைத் தன் விற்பனை வரியில் வரவு வைத்துக்கொள்ளலாம், அவருக்குக் கைநஷ்டம் இல்லை. எங்கள் தம்பி சிறு வியாபாரிகளுக்கான காம்போசிஷன் முறையில் இருப்பவர், வரவு வைக்க முடியாது. அவருக்குத்தான் அது உண்மையான சுமை. "உன் காலாண்டுக் கணக்கு ஜனவரி 18க்குத்தானே? அதுவரை வாடகையைத் தொடாதே, பார்ப்போம்" என்றேன். டிசம்பரில் ஜெய்சால்மரில் நடந்த ஜிஎஸ்டி கவுன்சில் கூட்டத்தில் காம்போசிஷன்காரர்களுக்கு இது வேண்டாம் என்று பரிந்துரைத்தார்கள், 2025 ஜனவரி 16 முதல் விலக்கு வந்தது, இடைப்பட்ட மாதங்களையும் சரிசெய்தார்கள். வாடகை அப்படியே நின்றது. புது வரி வந்ததும் முதல் மாதமே அக்ரிமென்டைத் திருத்தக் கூடாது என்று எனக்கு இதில் பட்டது. கடைக்காரர்கள் கத்தினால் கவுன்சில் காதில் விழுகிறது, கொஞ்ச நாள் ஆகும், அவ்வளவுதான்.

இன்னொருவர், வாடகை தன் கணக்கில் வரக் கூடாது என்று வீட்டை மனைவி பெயருக்குத் தானசெட்டில்மென்ட் எழுதக் கிளம்பினார். குடும்பத்துக்குள் எழுதும் செட்டில்மென்டுக்கு 2023 ஜூலையிலிருந்து முத்திரைத்தீர்வை உச்சவரம்பு 40,000, பதிவுக் கட்டணம் 10,000. இவ்வளவும் கட்டி எழுதினாலும், பணம் வாங்காமல் மனைவிக்குக் கொடுத்த வீட்டுக்கு வருமான வரிச் சட்டம் கணவரையேதான் உரிமையாளராக வைத்துப் பார்க்கும். பத்திர எழுத்தருக்கு இதைச் சொல்ல வேண்டிய அவசியமில்லை. அவர் எழுதிக் கொடுத்திருப்பார்.

வாடகை ஒப்பந்தத்தைப் பற்றி ஒரு வார்த்தை. பத்திரத்தாளில் 11 மாதம் என்று எழுதி டிராயரில் போட்டுவிடுவது இங்கே பழக்கம். 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த வாடகைச் சட்டப்படி ஒப்பந்தத்தை வாடகை அதிகாரியிடம் பதிவு செய்ய வேண்டும், இணையத்திலேயே செய்யலாம். தனியாக ஒப்புக்கொண்டு எழுதாவிட்டால் அட்வான்ஸ் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. பத்து மாதம் வாங்கியே பழகிய ஊர், இதைச் சொன்னால் என்னை ஒரு மாதிரி பார்க்கிறார்கள். ஆனால் தீர்வை உயர்வு யார் பொறுப்பு, வருஷ ஏற்றம் எவ்வளவு, கரண்ட் யூனிட் கணக்கு எப்படி, இந்த மூன்றும் எழுத்தில் இருந்தாலே நான் பார்த்த சண்டைகளில் பாதி நடந்திருக்காது.

இப்போது தெருவில் புதுப் பேச்சு, 1961ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பதிலான புதிய வருமான வரிச் சட்டம். நடைமுறைத் தேதி 2026 ஏப்ரல் 1. வாத்தியார் ஒரு நாள் சாயங்காலம் படியேறி வந்து, "அந்த முப்பது பர்சன்ட்டை எடுத்துட்டானாமே?" என்றார். எடுக்கவில்லை சார், புதுச் சட்டத்திலும் 30தான், சொத்துவரிக் கழிவும் அப்படியே இருக்கிறது, பிரிவு எண்கள் மாறுகின்றன, 'வரி ஆண்டு' என்று ஒரே பெயர் வைத்திருக்கிறார்கள் என்றேன். கொஞ்ச நேரம் யோசித்தார்.

"அப்ப மாடித் தம்பிகிட்ட வாடகை ஏத்தப்போறேன்னு சொல்லிட்டு வந்தேனே?"

"எவ்வளவு சார்?"

"ஆயிரம்."